அப்பாவின் வருமானத்தில் வாழும் மகள்

என் அப்பா யாரையும் மெச்சிப் பேசுகிற ஆளில்லை. அதிலும் பெற்ற பெண்களை மெச்சினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறவர். முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தபோது, "செருப்பை ஏன் வாசல்ல குறுக்க விட்டிருக்க?" என்றுதான் கேட்டார். பணத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அவரால் திரும்பிக்கூடப் படுக்க முடியாது. லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, இரண்டு வருடம் கட்டிலே கதி என்று கிடந்தார். கம்பெனி கைகழுவிவிட்டது. அம்மாவுக்கு அவரைப் புரட்டித் துடைத்துவிடவே பொழுது சரியாக இருந்தது. தங்கை பள்ளிக்கூடத்தில். மிச்சம் யார்? கல்லூரியை முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனேன். ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பை மெஷினில் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க ஈரக் கை, நகத்துக்கடியில் வெள்ளை மாவு. கொஞ்சம் பிசகினால் லென்ஸிலிருந்து சில்லு தெறிக்கும், முதலாளியின் வாயிலிருந்து வசவு தெறிக்கும்.

ஒருவழியாக அப்பா எழுந்து நடந்தார். வேறொரு கம்பெனியில் பழைய வேலைக்கே போனார். ஆனால் இன்னொரு முறை அடிபட்டால் அந்த இடுப்பு தாங்காது, குழிக்குள் ஏறி இறங்கும் வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு லிஃப்ட் கம்பெனி ஒன்று அவருடைய அனுபவத்தைக் கேட்டுக் கூப்பிட்டது. மற்றவர்கள் பழுது பார்த்ததைச் சரிபார்க்கிற வேலை. குடும்பத்தோடு வந்து குடியேறலாம் என்றார்கள். தங்கை அன்றைக்கே குளிர்காலக் கோட்டுக்கு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

விசா ஏஜென்ட்டிடம் நாலு பேருமாகப் போனோம். அவர் டையைத் தடவிக்கொண்டே விளக்கினார்.

"வேலைக்குப் போறவரோட மனைவி வரலாம். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க வரலாம். அதுக்கு மேல இருபத்தஞ்சு வரைக்கும், கல்யாணம் ஆகாம, படிச்சுக்கிட்டு, அப்பாவோட வருமானத்துலயே இருக்கற பிள்ளைங்கன்னா வரலாம். பெரிய பொண்ணு என்ன பண்றாங்க?"

"வேலைக்குப் போறா," என்றாள் அம்மா பெருமையாக.

"அப்ப கஷ்டம்."

"சம்பாதிக்கிற பொண்ணைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா? இது எந்த ஊரு நியாயம்?"

"அந்த ஊரு நியாயம்மா."

"சரி, அப்புறமா கூப்பிட்டுக்கலாமா?"

"இப்ப விட்டா விட்டதுதான். அப்புறம் அப்பா பேரைச் சொல்லிக்கிட்டு வர முடியாது. படிப்போ வேலையோ, அவங்களா தேடிக்கிட்டு வரணும்."

என்னிடம் படிப்பு பாதி. லென்ஸ் தேய்க்க அந்த ஊரில் ஆள் தேவையில்லையாம். பட்டியலைப் பார்த்து அதையும் சொல்லிவிட்டார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போக வேண்டும். நேர்காணல் வருவதற்குள் நான் முழுக்க முழுக்க அப்பாவின் செலவில் வாழ்கிறவளாகிவிட வேண்டும். அதற்கப்புறம் விசா அதிகாரி பார்த்து முடிவு செய்வார்.

அப்படியே செய்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள் அவை. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது அப்பா சட்டைப் பையில் கைவிட்டு பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுப்பார். "பார்த்துச் செலவு பண்ணு" என்பார். எனக்கே சிரிப்பு வரும். கை நீட்டி வாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று நினைத்துக்கொள்வேன். தங்கையும் நானும் எந்தப் பேனா யாருடையது என்று சண்டை போடுவோம். நகங்கள் சுத்தமாக இருந்தன. நான் மகளாக இருந்தேன், அவ்வளவுதான். இனி எந்த ஊராக இருந்தாலும் அப்படியே இருந்துவிட்டால் போதும் என்று ஏங்கினேன்.

நேர்காணலுக்கு முன்னால் ஏஜென்ட் அப்பாவைத் தயார் செய்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. 'பெரிய பொண்ணு படிக்கிறா, நான்தான் பார்த்துக்கறேன்.' அத்தோட வாயை மூடிக்கணும்." ஷேவ் செய்யும்போதும் அப்பா அதையே முணுமுணுத்தார். வாயைத் திறக்காதது அவருக்குக் கைவந்த கலை என்பதால் எனக்குக் கவலையே இல்லை.

அதிகாரி அம்மா வயதுப் பெண்மணி. அதட்டுகிறவராக இருந்திருந்தால் அப்பா சுதாரித்திருப்பார். அவரோ எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், அப்பா சிரமப்பட்டு உட்கார்ந்ததைப் பார்த்து முதுகுக்கு அணை உள்ள நாற்காலி போடச் சொன்னார். அப்பாவும் ஒப்பித்ததை ஒழுங்காக ஒப்பித்தார். காகிதங்களைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்தார்.

"விபத்துக்கப்புறம் ரெண்டு வருஷம் வருமானமே இல்லை. ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே, எப்படிச் சமாளிச்சீங்க?"

அப்பா அவரைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"இவதாங்க," என்று என் தோளில் கை வைத்தார். "நான் மல்லாந்து கெடந்தேங்க. சொந்தக்காரங்க எல்லாம் வாசலோட எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணு படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு வேலைக்குப் போச்சு. வாடகை, மருந்து, சின்னவ ஸ்கூலு, அத்தனையும் இவ தலையில. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்லைங்க. இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்னா, அது இவ போட்ட சோறு."

மேஜைக்கு அடியில் அம்மா அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு மேலே பேசினார். நான் தடுத்திருக்கலாம். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. தண்ணீர் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி அப்பாவுக்கு இவ்வளவு தெரியுமா?

அதிகாரியும் கனிவாகத்தான் கேட்டார். "நாளைக்கு மறுபடி உங்களுக்கு வேலை செய்ய முடியாமப் போனா?"

"எனக்கென்னங்க பயம்?" என்றார் அப்பா. "இவ இருக்காள்ல!"

மூன்று பேருக்கு விசா வந்தது. என்னுடையதில் காரணம் ஒரே வரி: தந்தையின் வருமானத்தைச் சார்ந்தவர் என்று கருத இயலாது.

அப்பா ஷேவ் செய்யாமல், சாப்பிடாமல், கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பழைய நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "நான் போகல," என்றார்.

"போகாம? திரும்பக் குழிக்குள்ள இறங்கி இடுப்பை உடைச்சுக்கப் போறீங்களா? மறுபடி மொதல்லேர்ந்து என்னால ஆகாதுப்பா," என்று கத்தினேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அதைவிட்டால் அவரைக் கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் மெல்ல, "அந்த அம்மாகிட்ட நான் பொய் சொல்லியிருக்கணும்மா," என்றார்.

"அப்ப நீங்க சொன்னது உண்மையாப்பா?"

"இதென்ன கேள்வி," என்றார்.

இரவெல்லாம் அழுதேன். இருபத்திரண்டு வருடம் ஆசைப்பட்டது கிடைத்தது. ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ கிடைத்திருக்கக் கூடாதா?

கடையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கடைக்குப் பக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் பிடித்தேன். அவர்கள் கிளம்பும் நாளில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு விமான நிலைய வாசல்வரை போனேன். தங்கை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவளைப் பிரித்தெடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். வாசல் காவலாளி டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் கை நீட்டினார்.

"எனக்கு இல்லைங்க. நான் வரல."

"அப்ப இங்கயே நின்னுக்கோம்மா. டிக்கெட் இருக்கறவங்க மட்டும்தான் உள்ள."

"என் பொண்ணுங்க," என்றார் அப்பா.

"யாரா இருந்தாலும் அதான் சார் ரூல்."

"அப்படி இல்லைங்க, நீங்க இவளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்," என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் கிடந்தது, படிப்பை விட்டது, வாடகை, மருந்து, எல்லாம். காவலாளி பாவம், முழித்தார். பின்னால் வரிசை நின்றது, யாரோ முணுமுணுத்தார்கள், அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா நிறுத்தவில்லை. இந்தத் தடவை அவர் பேசிக் கெடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

"போதும்பா," என்று சொல்லி, நானே அவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன்.