எதிரே நிற்பவளின் பந்து

பந்து கையில் வந்து விழுந்தபோதே இலக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது, ஜெனிபரின் இடுப்பு திரும்பவில்லை.

சிதம்பரத்தில் கல்லூரி மைதானத்துச் சுவரோரம் இருவரும் தினமும் எதிரெதிரே பக்கவாட்டில் நின்று, மெடிசின் பால் எனும் கனமான பயிற்சிப் பந்தை வீசிப் பிடிப்பார்கள். வட்டு எறிகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி இல்லாமல் நாள் தொடங்காது. குதிகால் முதலில் திரும்ப வேண்டும். அதன் பின்னால் இடுப்பு, அப்புறம் வயிறு. கை கடைசியில்தான். அப்படி வரும் பந்தைப் பிடித்தால் அடிவயிறு வரைக்கும் அதிரும். முதுநகரிலிருந்து ரயிலில் வரும் ஆரோக்கிய ஜெனிபரின் பந்து எப்போதும் அந்த மாதிரிதான். ஒரு வாரமாக அது உள்ளங்கையோடு நின்றுவிடுகிறது. இடது பக்கம் திரும்பும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் தெரிந்தது.

சனிக்கிழமை கல்லூரி அணிக்கான தேர்வு. வட்டு எறிதலுக்கு அணியில் ஒரே இடம். அதற்குப் போட்டி இவர்கள் இருவர்தான்.

பயிற்சியாளர் தேவநாதனிடம் சொன்னால் ஜெனிபரை நிறுத்திவிடுவார். இடத்துக்காகத் தோழியைத் தள்ளிவிட்டதாக ஆகும். சொல்லாவிட்டால், சனிக்கிழமை வட்டத்துக்குள் அவள் முழு வேகத்தில் சுழலுவாள். அப்போது அந்த இடுப்பு என்ன ஆகும் என்று இலக்கியாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை. கடைசியில் இரண்டையும் செய்யாமல் பந்தை மெதுவாகப் போட ஆரம்பித்தாள்.

"என்னாடி, பந்து போடுறியா, நெல்லு தூத்துறியா?" என்று ஜெனிபர் கிண்டல் செய்தாள். இலக்கியா சிரித்து மழுப்பினாள்.

வியாழக்கிழமை காலை ஜெனிபர் பந்தைப் பிடித்தவள் திருப்பி வீசவில்லை.

"பாவம் பாத்துப் போடுறல்ல?"

இலக்கியா தன் ஷூவின் முனையைப் பார்த்தாள். "இடது பக்கம் வலிக்குதா?"

"எப்பலேந்து தெரியும்?"

"போன வாரத்துலேந்து."

"சார்கிட்ட சொல்லியிருந்தா எடம் உனக்குத்தான்."

"அதனாலதான் சொல்லல."

ஜெனிபர் பந்தை இலக்கியாவின் பக்கம் தரையில் உருட்டிவிட்டாள். ஒன்றே ஒன்று, நிஜமாகப் போடச் சொன்னாள். பிடித்துவிட்டால் சனிக்கிழமை எறிவாளாம். இலக்கியா வேண்டாம் என்றாள். ஜெனிபர் கையை நீட்டியபடி நின்றாள்.

இனி மெதுவாகப் போட்டால் இருவருக்குமே தெரியும். இலக்கியா உடம்பை முழுதாகத் திருப்பி வீசினாள்.

பந்தை வாங்கத் திரும்பிய ஜெனிபர் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டு விலகினாள். பந்து சுவரில் மோதி, காரை உதிர்ந்தது.

"ஒடம்பே வேணாங்குது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. இடுப்பில் கை வைத்தபடி தானே சாரைத் தேடிப் போனாள்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஸ்கேன் எடுக்கும்வரை வட்டைத் தொடக் கூடாதாம். சார் முதலில் திட்டினாராம், பிறகு தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாராம். இலக்கியா பந்தோடு நின்றாள்.

சுவர் நிழலில் மெல்ல உட்கார்ந்த ஜெனிபர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

"என்னாத்தப் பாக்குற? செவுத்துல போடு."

போட்டாள்.

"குதிகா முழுசா திரும்பல. ஒரு வாரம் தூத்துனல்ல, கெட்டுப்போச்சு" என்றாள் ஜெனிபர். "ம், மறுபடி போடு."