சித்தப்பா போட்டுவிட்டுப் போன ஆன்டிவைரஸ்

அப்பாவின் கம்ப்யூட்டரில் பிரவுசர் திறந்ததும் செத்துக்கொண்டிருந்தது. துவைக்க வேண்டிய துணியை மூட்டை கட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு வியாழக்கிழமைதான் எனக்கே தெரிந்தது. திரையில் சின்னதாக ஒரு கட்டம்: எதிர்பாராமல் மூடிவிட்டது, மன்னிக்கவும், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

உலகத்தில் ஒருவரும் அதற்குப் பதில் எழுதுவதில்லை. அப்பா எழுதிக்கொண்டிருந்தார், இரண்டு விரலால்.

எட்டிப் பார்த்தேன். "வானிலை பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் காப்பி இருந்தது. கீபோர்டில் சிந்தவில்லை. இப்படிக்கு, ஆர்வோ, குவோப்பியோ நகரம்."

"எவ்வளவு நாளாப்பா இப்படி எழுதிட்டிருக்க?"

"ஏரி உறைஞ்சதுல இருந்து."

"பதில் வந்துச்சா?"

"வரல. அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நச்சரிக்கக் கூடாது."

பிரவுசர் இல்லாமல் அப்பா இன்னும் பத்து வருடம் நிம்மதியாக இருந்திருப்பார். வானிலைக்குச் சன்னல் இருக்கிறது. சிக்கல் சவுனாவால் வந்தது.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சவுனா, சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் நீராவிக் குளியலறை. வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிதான் இருப்பதிலேயே நல்ல முறை. அதை வைத்திருப்பவர்கள் செத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். அது அப்பாவிடம் இருந்தது. கட்டடச் சங்கத்தின் தலைவி ஹெல்லெவி இப்போது மாடிப்படிச் சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்: அடுத்த வாரத்திலிருந்து பழைய முறைகள் எல்லாம் ரத்து. இனி இணையத்தில்தான் பதிவு. வரும் ஞாயிறு நண்பகல் திறக்கும். முந்துபவருக்கு முதலிடம்.

அந்த ஏழு மணியில் பாதி என் சித்தப்பா தாப்பியோவுடையது. அவரும் ஒரு காலத்தில் இதே கட்டடத்தில் குடியிருந்தார். அப்புறம் இருவருக்கும் ஒரு படகு மோட்டாரை வைத்துச் சண்டை வந்தது. மோட்டார் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அது ஏரிக்கடியில் கிடக்கிறது. சித்தப்பா ஏரிக்கு அந்தப் பக்கம் குடிபோனார். பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் முறை இரண்டு பேர் பெயரிலும் இருந்ததே, உரிமையை விடலாமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துண்டுப் பையோடு பஸ் ஏறி வருவார். அண்ணன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். சவுனாவில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் வெளியாட்கள் பார்த்தால் ஒற்றுமையான சகோதரர்கள் என்று சொல்வார்கள்.

அம்மா இறந்து, நானும் படிக்கப் போன பிறகு, அப்பா வாராவாரம் பார்க்கும் ஒரே சொந்தம் அந்தத் துண்டுப் பைதான். முறை போனால் சித்தப்பா வருவதற்குச் சாக்குக் கிடையாது. இவர் கூப்பிட மாட்டார், அவர் கேட்க மாட்டார். அப்பா இதையெல்லாம் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை ஏழு முக்கியம்" என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் கழித்து மறுபடி சொன்னார். அப்பா ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னால், மற்ற வீடுகளில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"இதுக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டர்? என் போன்லயே புக் பண்ணிடலாம்."

"ஆள் யாருன்னு காட்ட பேங்க் கோடு கேக்குமாம்."

"கேக்கட்டுமே."

"அடுத்தவன் மெஷின்ல கோடு போடாதேன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க."

"நான் அடுத்தவனா? பெத்த பையன்ப்பா!"

"பையன்னா பரவாயில்லைன்னு அவங்க சொல்லல."

ஆக, கம்ப்யூட்டரைத்தான் பிழைக்க வைக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தேன். பிரவுசர் திறந்தது, அரை வினாடி வாழ்ந்தது, போய்விட்டது. சேர்ந்திருந்த குப்பையை எல்லாம் அழித்தேன். அப்பா பார்த்த பக்கங்கள் வரிசையாக இருந்தன: வானிலை, வானிலை, ஏரியில் பனியின் கனம், வானிலை. இதைவிடச் சுத்தமான மனிதரைப் போலீஸ்கூடப் பார்த்திருக்காது. கூடுதலாக ஒட்டிக்கொண்ட சாமான் ஏதாவது உண்டா என்று தேடினேன், ஒன்றும் இல்லை. பிரவுசரையே பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். புதுசும் செத்தது. என் லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் வேறொரு பிரவுசரைக் கொண்டுவந்து போட்டேன். அது முந்தையதைவிடச் சுறுசுறுப்பாகச் செத்தது.

"ரெண்டும் சாகுதுன்னா தப்பு பிரவுசர் மேல இல்லப்பா. வேற எதுவோ கொல்லுது."

கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் விபத்துக் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சாவின்போதும் ஒரே பெயர் பக்கத்தில் நின்றது. கரடிக்காவல். பழைய ஆன்டிவைரஸ். அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது, ஆனால் காவல்காரனுக்கு யாரும் சொல்லவில்லை. புதிய பிரவுசரை அவனுக்கு அடையாளம் தெரியாது. யாரோ அன்னியன் உள்ளே வருகிறான் என்று கழுத்தைப் பிடிக்கிறான்.

"இதை யாரு போட்டது?"

அப்பா சன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். "தாப்பியோ."

"சித்தப்பாவா? எப்போ?"

"மோட்டாருக்கு முன்னாடி."

எங்கள் குடும்பத்தில் காலத்தை இப்படித்தான் கணக்கிடுவோம். நீக்கப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது.

"என்ன பாஸ்வேர்டு?"

"அவனுக்குத்தான் தெரியும்."

"பரவாயில்ல. பாஸ்வேர்டு இல்லாமலே தூக்க வழி இருக்கு. பத்து நிமிஷம்."

"வேணாம்."

"ஏன்ப்பா?"

"அவன் பூட்டினது. அவனைக் கேக்காம உடைக்கக் கூடாது."

"கம்பெனியே மூடியாச்சுப்பா!"

"கம்பெனி மூடட்டும். தாப்பியோ உசுரோடதான இருக்கான்?"

"அப்ப அவரையே கேளு."

சந்தை மைதானத்தில் நடுப்பகலில் ஒரு ஆட்டம் போடு என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.

மறுநாள் மாலை மூவரும் அடித்தளத்துக்கு இறங்கினோம். மேல் பலகையில் இடது ஓரம் சித்தப்பா, வலது ஓரம் அப்பா, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு வெற்றிடம். நான் கீழ்ப் பலகையில், சாகப் பயந்தவன் உட்காரும் இடத்தில். சித்தப்பா அடுப்புக் கற்கள்மேல் தண்ணீரை ஊற்றினார். அப்பா ஊற்றினார். சித்தப்பா இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினார். எனக்குக் காது மடல் எரிந்தது. அப்பா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து மூடினார். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல இருந்தது.

"கரடிக்காவல்," என்றார் கடைசியில்.

கற்கள் சீறி அடங்கின. சித்தப்பா யோசித்தார்.

"நல்ல சாமான்," என்றார்.

மோட்டாருக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். நான் அசையாமல் இருந்தேன்.

"பிரவுசரைக் கொல்லுது."

"யாரோட பிரவுசரை?"

"என்னோடதை. வேற யாரோடதைக் கொல்லும்?"

"எப்ப இருந்து?"

"ஏரி உறைஞ்சதுல இருந்து."

"இப்ப வந்து சொல்றியே, இத்தனை வெள்ளிக்கிழமை இங்கயேதான உக்காந்திருந்தேன்?"

"அதை எடுக்கணும். பாஸ்வேர்டு வேணும்."

சித்தப்பா முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். "அதையா? இன்னும் அப்படியேவா வெச்சிருக்க?"

"நீ எடுக்கச் சொல்லல."

சித்தப்பா அகப்பையை எடுத்தார், ஊற்றாமலே திரும்ப வாளியில் வைத்தார். முகம் சிவந்திருந்தது. அந்தச் சூட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் சிவக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "மேல போவோம்," என்றார்.

முறையில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி. எங்கள் கட்டடத்தில் வெள்ளிக்கிழமை முறையை யாரும் பாதியில் விட்டதாக வரலாறு இல்லை. மேலே வந்ததும் இடுப்பில் துண்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போனார் சித்தப்பா. அப்பா ஓடிப்போய் நாற்காலிமேல் இன்னொரு துண்டை விரித்தார்.

"ஈரமாகும்னு," என்றார்.

"தெரியும்," என்றார் சித்தப்பா. "பாஸ்வேர்டா என் நாய் பேரைத்தான் வெச்சிருப்பேன்." தட்டினார். தவறு. "அப்ப பொண்டாட்டி பேரு." அதுவும் தவறு. என் பக்கம் திரும்பினார். "டேய், நாய் பேரை முதல்ல போட்டேன்னு சித்தி கிட்ட சொல்லிடாத."

"எனக்கு என்ன தருவீங்க?"

"போற வழியில ஏரியில தள்ளாம விடுறேன்."

பிறகு நீண்ட நேரம் தாடையைச் சொறிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டினார். திறந்தது.

"இதுக்காடா இத்தனை காலம்?" என்றார் அப்பா.

"இதை எவனும் யோசிக்க மாட்டான்னு நெனச்சேன். நீ ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

"உன் பூட்டுல நான் எதுக்குக் கை வைக்கணும்?"

கரடி வெளியேறியது. ரீஸ்டார்ட் செய்து பிரவுசரைத் திறந்தேன். வானிலைப் பக்கம் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நாளை மைனஸ் பதினெட்டு. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் சமையலறை அடுப்பில் வைத்த சாசேஜ் கருகிவிட்டது. கடுகுச் சாந்து தடவிக் கரியையே தின்றோம். கிளம்பும்போது சித்தப்பா கதவருகே நின்று, "ஞாயித்துக்கிழமை, பன்னெண்டு மணி," என்றார். அப்பா தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு அடித்ததும் பக்கம் திறந்தது. வெள்ளிக்கிழமை ஏழு பச்சையாக இருந்தது. தட்டினார். பேங்க் கோடு போட்டார். பிரவுசர் கல்லுபோல நின்றது. கடைசியாக ஒரு சின்னக் கட்டம் மட்டும் பாக்கி: சவுனா விதிகளைப் படித்தேன், ஏற்கிறேன்.

"டிக் பண்ணுப்பா."

"படிக்கலையே."

"யாருமே படிக்க மாட்டாங்கப்பா!"

"படிச்சேன்னு போட்டிருக்கு. படிக்காம எப்படிப் போடுறது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஹெல்லெவி சும்மா ஆள் இல்லை, விதிகளை ஒரு நாவல் அளவுக்கு எழுதியிருந்தார். உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தை வடிகாலில் உதறக் கூடாது என்பதற்கே ஒரு முழுப் பத்தி. நான் கெஞ்சினேன். மவுஸைப் பிடுங்கப் பார்த்தேன். அப்பா முழங்கையால் தள்ளிவிட்டுப் படித்தார்.

"ஹெல்லெவி நல்லா எழுதியிருக்கா," என்று சொல்லி டிக் செய்தபோது வெள்ளிக்கிழமை ஏழு சிவப்பாகியிருந்தது. எட்டும் சிவப்பு. சனிக்கிழமை முழுக்கச் சிவப்பு. அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்கும்படி நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அப்பாவின் கை மவுஸ்மேல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மிச்சமிருந்ததில் ஒன்றைத் தட்டினார். செவ்வாய், இரவு ஒன்பது.

பிறகு எழுந்துபோய்த் தன் பட்டன் போனை எடுத்தார். எண்ணை எங்கேயும் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். சித்தப்பா போனில் கத்திப் பேசுபவர், எனக்கு எல்லாம் கேட்டது.

"வெள்ளி போச்சு," என்றார் அப்பா.

"மறுபடி செத்துடுச்சா?"

"இல்ல. விதியெல்லாம் படிச்சேன்."

"படிக்கத்தான வேணும்," என்றார் சித்தப்பா.

"செவ்வாய் ஒன்பது கெடைச்சிருக்கு. பஸ் இருக்குமா உனக்கு?"

"இருக்கும். வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப இங்க வந்துடு. எனக்கு இங்க ஏழரைக்கு முறை இருக்கு."

"எந்த நாளு?"

"வெள்ளிக்கிழமைதான். குடிவந்ததுல இருந்தே இருக்கு. சும்மாதான் கெடக்கு."

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "உனக்கே முறை இருக்கா? அப்புறம் எதுக்குடா வாராவாரம் பஸ் ஏறி இங்க வந்த?"

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"உங்க அடுப்புல கல்லு நல்லா இருக்கும்," என்றார் சித்தப்பா.

"ம்." அப்பா தொண்டையைச் செருமினார். "துண்டு கொண்டு வரணுமா?"

"வேணாம். இங்க இருக்கு."

போனை வைத்துவிட்டு அப்பா கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்தார். பிரவுசரில் இரண்டு விரலால் ஏதோ தட்ட ஆரம்பித்தார்.

"பாலத்தைத் தாண்டிப் போற பஸ் எது, நாலாம் நம்பரா அஞ்சா?" என்று கேட்டார்.

சின்ன வட்டம் சுற்றியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பஸ் அட்டவணை திறந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதையும் மேலிருந்து கீழ்வரை படிக்க ஆரம்பித்தார்.