மைக்கனுக்கு மட்டும் தலைவலி

மனித மூளையைவிட மேலான கருவி இவ்வுலகில் இன்னும் பிறக்கவில்லை. வெஸ்தெரோஸ் நகரத்துக் குளிர்க்கிடங்கில், விடியற்காலை ஐந்து மணிக்கு, அந்த மேலான கருவிக்கு ஒரே வேலைதான்: காதில் ஒலிக்கும் எண்ணைத் திருப்பிச் சொல்வது.

"நாற்பத்திரண்டு, மூன்று பெட்டி" என்றது குன்வோரின் காதுக்கருவி. திருப்பிச் சொல்லிவிட்டு உறைந்த மீன் பெட்டிகளை இழுத்தாள். கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன. பெட்டியை வைத்து நிமிர்வதற்குள் அடுத்த எண். போன வருடம் இரண்டு எண்களுக்கு நடுவே ஒன்பது விநாடி இருந்தது. இப்போது ஐந்து.

இருபத்தாறு வருடமாக எந்தச் சரக்கு எந்தத் தட்டில் என்பதைத் தலையிலேயே வைத்திருந்தவள் குன்வோர். கூரையில் வைஃபை பெட்டிகளை மாட்டிக் காதுக்கருவியைக் கொடுத்ததும் அந்தத் தலைக்கு மதிப்புப் போயிற்று, அனுபவத்துக்கான படித்தொகையும் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மைக்கனுக்கு நாற்காலி கிடைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மைக்கன் வந்து இரண்டே வருடம். வைஃபை அலை தன் மூளையைத் தின்கிறது, தலை வலிக்கிறது, ஞாபகம் நழுவுகிறது என்றாள். மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். உடனே ஜன்னலோர அறை, காகிதப் பட்டியல், கையெட்டும் தூரத்தில் காபி. வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவரும் முறை தனக்கு வந்தால் மறந்துவிடுவாள். மற்றவர்கள் கொண்டுவந்த கேக்கை ஒருநாளும் மறந்ததில்லை. தனக்கும் தலை வலிக்குமா என்று குன்வோரும் ஓர் இடைவேளை முழுக்க வைஃபை பெட்டிக்கு நேர் கீழே நின்று பார்த்தாள். கழுத்துதான் வலித்தது.

அன்று காலை முதலாளி ஸ்டெல்லான் ஒரு தாளோடு வந்தான். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நீ என்று பேசிக்கொள்ளும் சமத்துவம் அங்கே உண்டு. சமத்துவம் அத்தோடு களைத்துவிடும். அலையை அளக்க ஆள் வந்து போயிருந்தான். அனுமதித்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையாம். ஆகவே மைக்கன் திங்கட்கிழமை காதுக்கருவியை மாட்ட வேண்டும், இல்லையேல் வீட்டுக்குப் போக வேண்டும். தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி என்ற முறையில் குன்வோர் அதற்குக் கையெழுத்திட வேண்டும்.

"உனக்குத்தான் அவளைக் கண்டாலே ஆகாதே" என்று பேனாவை நீட்டினான்.

அவ்வளவு அழகான பேனாவைக் குன்வோர் பார்த்ததில்லை. வாங்கியும்விட்டாள்.

"அலையால ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சுல்ல? திங்கள்லேர்ந்து நாலு விநாடியாக்கப் போறேன்" என்றான் ஸ்டெல்லான்.

பேனா நின்றது.

"அளந்தவன் சரியாத்தான் அளந்திருப்பான். அந்த அஞ்சு விநாடிய யாராவது அளந்தாங்களா?"

"பேச்ச மாத்தாத. மைக்கன் சொல்றது பொய்யா இல்லையா?"

"தப்பா சொல்றா. பொய் சொல்லல." குன்வோர் தொண்டையைச் செருமினாள். "நேத்து என் வீட்டு வாசல் பூட்டோட எண் எனக்கே ஞாபகம் வரல. இருபது நிமிஷம் பனியில நின்னேன்."

பக்கத்து வரிசையில் டோர்கெல் கருவியைக் கழற்றினான். காரை ரயிலடியிலேயே மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனதை ஒத்துக்கொண்டான். அடுத்தவன் அடுப்பை அணைக்காமல் வந்தவன். ஆளுக்கொரு மறதியை ஒளித்து வைத்துக்கொண்டு, மற்றவன் தலை மட்டும் நன்றாக இருக்கிறதே என்று ஆளாளுக்குப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

"பிரதிநிதியா சொல்றேன். சட்டம் குடுத்த உரிமைப்படி வேலைய நிறுத்துறேன்" என்றாள் குன்வோர். "தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்."

பதினொரு காதுக்கருவிகள் பட்டாணிப் பெட்டிக்குள் விழுந்து, யாரும் கேட்காமலே எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. மைக்கன் அறையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். குன்வோர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள், அதிகம் கொடுக்கவில்லை. இதெல்லாம் ஒருநாள் தாங்காது என்றான் ஸ்டெல்லான். தாங்காமலும் போகலாம். யாரும் அசையவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். எஃகுச் சுவர்களுக்குள் போன் எடுக்காது. வெளியே போனால் வேலையை விட்டு ஓடியதாக ஸ்டெல்லான் எழுதிவிடுவான். மிச்சமிருந்தது கிடங்கின் வைஃபைதான். அதன் கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமில்லை.

மைக்கன் எதையும் பார்க்காமல் சொன்னாள். பதினாறு எழுத்தும் சரியாக இருந்தன.