திமிங்கலத்தின் மூக்கு

கந்தர்வக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போன அன்று எங்கள் பக்கம் நான், என் தம்பி மகன் கவியரசன், அவன் தாய் செல்வராணி. அவர்கள் பக்கம் பெண் இளமதி, அவள் தகப்பனார் வெள்ளைச்சாமி, தாய்மாமன் சந்தனம். வேறு யாரும் அந்தக் கூடத்தில் இல்லை.

கவியரசன் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் சூரை மீன் பிடிக்கப் போகிறவன். திமிங்கலப் பேச்சை எடுக்காதே, யாரும் நம்பமாட்டார்கள் என்று ஜெகதாப்பட்டினத்தில் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் பொய் சொன்னவர் கிடையாது. கொஞ்சம் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு, அது வேறு.

வறுத்த முந்திரி வந்தது. சந்தனம் ஆரம்பித்தார்.

"மாப்ள, கடல்ல பெருசா என்னத்தப் பாத்தீங்க?"

பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. "திமிங்கலமுங்க. மொத்தம் ஆறு. ஒடம்புல மூணுல ஒரு பங்கு தலைதான். தெளிஞ்ச தண்ணிக்குள்ள, தலை மேல வால் கீழன்னு, நட்டுவச்ச மாதிரி நின்னுக்கிட்டே தூங்குச்சுங்க."

"நின்னுக்கிட்டேவா? எங்க ஊரு டவுன் பஸ்லதான் அப்படித் தூங்குவாங்க!" சந்தனம் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. "அண்ணே, தம்பி வெளையாட்டுக்குச் சொல்றாரா? பொண்ணு குடுக்குற எடம். பேச்சு சுத்தமா இருக்கணும் பாருங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன்பும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க வீட்டுப் புள்ள கண்டதத்தான் சொல்லும்" என்றேன். சொன்ன பிறகுதான், குடும்பப் பெயரைக் கொண்டுபோய் ஒரு திமிங்கலத்தின் தலையில் வைத்துவிட்டது உறைத்தது.

இளமதி பள்ளியில் விலங்கியல் டீச்சர். பெண் பார்க்கிற இடத்தில் பெண் கேள்வி கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவள் கேட்டாள்.

"முழிச்சதும் மூச்சு விட்டிருக்குமே. எப்படிப் பீச்சுச்சு?"

"நேரா மேல போகலைங்க. முன்னாடி, எடது பக்கமாச் சாஞ்சு வந்துச்சு. எங்க போட்டும் அங்கிட்டுதான் கெடந்துச்சு. சாரல் பூரா எம்மேல. ரெண்டு நாளு நாத்தம் போகல."

அவள் தகப்பனாரிடம் திரும்பினாள். "அப்பா, மூச்சு விடுற மூக்கு எடது பக்கம் இருக்குறது அந்தத் தலை பெருத்த சாதிக்கு மட்டுந்தான். நின்னுக்கிட்டே தூங்குறதும் அதேதான். இவங்க பாத்திருக்காங்க." பிறகு கவியரசனைப் பார்த்து, "அதுக்கப்புறம் குளிச்சீங்கல்ல?" என்றாள்.

அவன் தலையாட்டினான். அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

பெண் கேட்ட கேள்விக்கான பதிலை நான் பஸ்ஸிலேயே பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனதாக மீமிசல் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். திமிங்கலத்துக்கு மூக்கு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.