ஒரே செட்டிங்ஸ் கோப்பு

காலை எட்டரை மணி. டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாக அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தலைமை நர்ஸ் அக்கா, பேசி முடித்தவர்களைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தார். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். "உங்கள் இன்றைய சிகிச்சை ரத்து செய்யப்பட்டது" என்ற செய்தி ஆறரைக்கு அத்தனை பேருக்கும் போயிருந்தது. அனுப்பியவன் நான்.

வேண்டுமென்று அல்ல. மையத்தின் முன்பதிவுத் தளத்தை பைத்தானில் எழுதியது நான்தான். என் மடிக்கணினிக்கும் நிஜத் தளத்துக்கும் ஒரே செட்டிங்ஸ் கோப்பு. எதையாவது சோதிப்பதற்கு முன் அதில் ஒரு வரியைக் கையால் மாற்றி, பொய்ப் பெயர்கள் கொண்ட பட்டியலைக் காட்ட வேண்டும். முடிந்ததும் பழையபடி மாற்ற வேண்டும். இன்று விடிகாலையில் ரத்துச் செய்தியைச் சோதித்தபோது, தூக்கக் கலக்கத்தில் அந்த வரியை மாற்ற மறந்துவிட்டேன். சோதனைக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று கோப்பைப் பிரிக்க இரண்டு நாள் போதும். கேட்டபோதெல்லாம், "ஓடற வண்டிய எதுக்கு நோண்டணும்? அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே அப்புறம் சார். ஒரு கட்டத்தில் நானும் அலுத்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

நடுவில் அவரே கூப்பிட்டு, "இன்னைக்கே பிரிச்சிடுப்பா" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சிலர் திட்டினார்கள். ஒருவர் பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருந்தார். "வான்றீங்க, வராதன்றீங்க, எதப்பா நம்பறது?" என்றார். மன்னிப்புக் கேட்டு, உடனே கிளம்பி வரச் சொன்னேன். முப்பத்தேழு முடிந்தது. மிச்சம் ஒரு தையல்காரர். ஐந்து முறை அடித்தும் எடுக்கவில்லை.

"போன தடவையே அவரு வரல," என்றார் அக்கா. "இன்னைக்கும் விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். விடாத, அடி."

ஆறாவது முறை அவர் மனைவி எடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"மெசேஜ் வந்துச்சு தம்பி. இன்னைக்கு ஊசி இல்லன்னதும் சின்னப் புள்ளயாட்டம் சிரிச்சாரு. ரொம்ப நாள் கழிச்சு இப்பத்தான் நல்லாத் தூங்கறாரு. என்ன விஷயம்?"

சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனசு வரலப்பா," என்றார் அந்த அம்மா. "ஃபோன அவரு காதுகிட்ட வைக்கிறேன். நீங்களே எழுப்பிடுங்க."

மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மிக அருகில், நீளமாக, நிதானமாக ஒரு மூச்சு.

"ஐயா," என்றேன்.