கடைசி ஈடு

சாக்கின் வாய்த் தையலைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விட்டாள் அமிர்தம். நெல் சுட்டது, காய்ச்சல்காரரின் அக்குள் மாதிரி.

"எப்புடி இருக்கு?" என்றார் ஜெக்கரியா. துருவேறிய மில் கேட்டின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கொதிக்குது பாய். வுட்டா மூக்கு வெச்சிரும்."

மூக்கு என்றால் முளை. நனைந்த நெல்லை மூட்டைக்குள் அடைத்துவைத்தால், விதைத்துவிட்டார்கள் என்று நம்பி அது வெள்ளையாக மூக்கை நீட்டும். மூக்கு நீண்ட நெல் சோற்றுக்கு ஆகாது.

அமிர்தத்துக்கு இருந்ததே நாலு மூட்டைதான். குறுவை அறுப்புக்குப் போய்க் கூலியாக வாங்கிச் சேர்த்தது. தை அறுப்பு வரை அதுதான் சோறு. வயலில் நின்ற சம்பா தண்ணீருக்கடியில் கிடந்ததால், தையில் அறுப்பு என்று ஒன்று உண்டா என்பதும் தெரியவில்லை.

2008 நவம்பர்க் கடைசி. புயல் கரையேறிய பிறகும் மழை விடவில்லை. ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடியது. மழை ஓய்ந்து அது வடிந்தபோது சேறும் செத்த கோழியும் ஊறிய நெல்லும் சேர்ந்து ஊரே நாறியது. கரண்டு இல்லை. பள்ளிக்கூடத்து முகாமில் தக்காளிச் சாதத்துக்கு வரிசையில் நின்றபோதுதான் ஜெக்கரியா அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா அமிர்தம், ஊறவெக்கிற வேலைய மழையே பாத்துட்டுப் போயிருச்சு. அவிக்கிறதுதான பாக்கி? அவிச்ச நெல்லு எங்கேருந்து மொளைக்கும்?"

பின்னால் நின்ற தியாகராசன் சிரித்தான். "பாய்க்குச் சக்கரை ஏறிருச்சுக்கா. மில்ல மூடி அஞ்சு வருஷம் ஆச்சு."

"மில்லத்தான்டா மூடுனாங்க. பாய்லர் செத்தா போச்சு?"

மூன்று பேரும் தங்கத்தம்மாள் ரைஸ் மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஜெக்கரியா பாய்லர் டிரைவர். அமிர்தத்துக்கு அவியலும் களமும். தியாகராசன் மூட்டை தூக்கினான். வெளியூர்ப் பெரிய ஆலைகளிலிருந்து பளபளவென்று பை அரிசி வந்து இறங்கியதும் மில் படுத்துவிட்டது. ஜெக்கரியா ஷார்ஜாவுக்குப் போய்ச் சர்க்கரை வியாதியோடு திரும்பினார். தியாகராசன் திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்றதும் அவனும் ஊருக்கு வந்துவிட்டான். அமிர்தம் எங்கும் போகவில்லை.

பெரிய முதலாளி காலமாகிவிட்டார். அவர் மகன் இளஞ்செழியன் மில்லை விற்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்தவன், மழையில் மாட்டிக்கொண்டு ஊரில் இருந்தான். கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"அப்பா இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பாங்க. ஊருக்கு ஒரு சேவை. தாராளமா செய்ங்க அமிர்தம்மா."

தெருவுக்கு வந்ததும் தியாகராசன் ஆரம்பித்தான். "என்னக்கா, அமிர்தம்மாங்குறாரு? சின்னப் புள்ளைல 'ஏய் அமிர்தம்'தான?"

"சிங்கப்பூர்த் தண்ணி அப்புடி" என்றாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூட்டு ஒருவழியாக வாயைப் பிளந்தது. உள்ளே மேடான குடோனில், செங்கல் சூளைக்காரர் ஒருவர் அடுக்கிவைத்த உமி ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "எரிங்க, புண்ணியமாப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜெக்கரியா பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டினார். பிறகு பிஸ்மி சொல்லித் தீயை வைத்தார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தமானியின் முள் செத்த பல்லி போலக் கிடந்தது. அமிர்தம் உமியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். புகை கண்ணைக் கரித்தது. சட்டென்று முள் துடித்தது.

"அக்கா, உசுரு வந்துருச்சு!" என்று கத்தினான் தியாகராசன்.

ஜெக்கரியா சங்கிலியைப் பிடித்து இழுத்தார். மில் சங்கு ஊதியது.

ஒரு காலத்தில் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஊர் உலை வைத்தது; பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்டார்கள். சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள். முதலில் வந்தவர் ஜன்னத் பீவி. மூன்று சக்கர வண்டியில் நனைந்த மூட்டைகள்.

"என் நிக்காஹ்வுக்கு இந்த மில்லு அரிசியிலதான் சோறாக்குனாங்க. சங்கு சத்தம் கேட்டதும் நெஞ்சு படக்குன்னுச்சு பாய்" என்று வண்டியைப் பிடித்தபடியே அழுதார்.

அதற்குப் பிறகு நிற்க நேரமில்லை. கூப்பிடாமலே பழைய களத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தான் விட்டுப்போன இடத்திலேயே போய் நின்றாள். இரும்புக் கொப்பரைக்குள் ஆவி ஏறியது. கொப்பரை கொள்ளும் அளவான ஒவ்வொரு ஈடும் வெந்து இறங்கியதும் சிமெண்டுக் களத்தில் கொட்டி, காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டார்கள். அமிர்தத்தின் குதிகால் அந்தச் சூட்டை மறக்கவில்லை. முன்பு போலவே ஒரு நீளக் கழியை எடுத்துவைத்துக்கொண்டாள். இருபது வருஷம் இந்தக் களத்தில் ஆடு வாய்வைக்க விட்டதில்லை அவள்.

"வெள்ளாட்டுக்குக்கூட அக்காவ ஞாபகம் இருக்கும்" என்றான் தியாகராசன். "சனிக்கிழமை சாயங்காலம் மஜீது கடைப் புரோட்டாவுக்குப் போவோமே, எத்தன தின்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

"தின்னேன்டா. நீயா வாங்கிக் குடுத்த? மூட்டையத் தூக்கு."

யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. முதல் நாள் ஜன்னத் பீவியின் தெரு, மறுநாள் கீழத்தெரு, அதற்கடுத்து முகாமில் தங்கியிருந்தவர்கள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். இளஞ்செழியன் வந்து பார்த்துவிட்டுப் போனான். மில் கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டச் சொன்னான். "வெள்ள நிவாரணத் தன்னார்வலர்களுக்கு நன்றி" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கைகூப்பிய அவன் படம்.

அமிர்தம் அவனுக்கென்று நெல்லோடு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே பிட்டு வாயில் போட்டவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதே ருசி அமிர்தம்மா. கடைசி ஈட்டுக் கிழங்கு."

"இது கடைசி ஈடு இல்ல தம்பி. அதுல வெந்தா இன்னம் இனிக்கும்."

கடைசி ஈடு என்பது மில்லில் ஒரு வழக்கம். வாரக் கடைசியில் முதலாளி வீட்டு நெல்லும் வெளி நெல்லும் முடிந்த பிறகு, பாய்லரில் மிச்சமிருக்கும் ஆவியில் வேலைக்காரர்கள் தங்கள் கூலி நெல்லை இலவசமாக அவித்துக்கொள்ளலாம். அவசரம் கிடையாது. கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பார். கொப்பரைக்குள் கிழங்கைப் புதைத்துவிட்டு, ஆவி அடங்கும் வரை வட்டமாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். அமிர்தம் தன் மகள் அனுராதாவுக்கு முதல் பல் முளைத்த சேதியை அந்த வட்டத்தில்தான் சொன்னாள்.

ஜெக்கரியா அவளுடைய மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இத இன்னைக்கே போட்டுருவமா? ரொம்பச் சுடுது."

"முகாம்காரவுங்க நிக்கிறாங்க பாய். கைப்புள்ளக்காரி ஒருத்தி நிக்கிறா. நம்மளுது என்னைக்குமே கடைசி ஈடுதான?"

"அப்ப வேற, இப்ப வேற."

"அப்ப மாரி ஒரு தடவ உக்காந்து பேசணும் பாய். நாளைக்குக் காலைல போட்டுருவோம். கெழங்கு வாங்கிட்டு வாங்க."

ஜெக்கரியா முகாம்காரர்களின் மூட்டையை உள்ளே தள்ளச் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. அமிர்தம் சாக்குகளைப் பிரித்து நெல்லைக் கிளறிச் சூட்டை ஆற்றி, மறுபடி கட்டிவைத்தாள்.

அன்று சாயங்காலம் தியாகராசனின் செல்லுக்கு அனுராதா பேசினாள். திருப்பூரில் அவளுக்கும் வேலை நின்றுவிட்டது. அவள் புருஷனுக்கும் நின்றுவிட்டது. ரெண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரலாமா, ஊரில் எல்லாம் போய்விட்டதாமே என்று கேட்டாள்.

"வா தங்கம். வீட்டுல சேறுதான், அள்ளிப் போட்டுக்கலாம். நாலு மூட்ட நெல்லு இருக்கு. சோத்துக்குக் கவலையில்ல, வா."

மறுநாள் காலையில் அமிர்தம் தன் மூட்டைகளைக் கொப்பரை வாசலுக்கு உருட்டி வந்தபோது, ஒரு டிராக்டர் கேட்டுக்குள் நுழைந்தது. டிரெய்லர் நிறைய ஈர மூட்டைகள். முன்னால் மோட்டார் சைக்கிளில் பஞ்சநதம் வந்தார், இளஞ்செழியனின் சித்தப்பா.

"செழியன் போன் பண்ணுனானா? நம்ம வூட்டு நெல்லு. மொதல்ல இத எறக்குங்க."

தியாகராசன் நகரவில்லை. "அய்யா, அக்கா நெல்லு நாலே மூட்டை. அத உள்ள தள்ளிட்டு..."

"ஏன்டா, முதலாளி வூட்டு நெல்லு வெளிய நிக்க, உங்களுது உள்ள போவுமா? என்னைக்குடா அப்புடி நடந்துருக்கு இந்த மில்லுல?"

அப்படி நடந்ததில்லைதான். அமிர்தமே குனிந்து தன் மூட்டைகளைச் சுவரோரம் நகர்த்தினாள். "வுடு தியாகு. அவுங்களுது முடிஞ்சாத்தான நம்ம ஈடு வரும்?"

பஞ்சநதத்தின் நெல் ஈடு ஈடாக வெந்துகொண்டே இருந்தது. அமிர்தம் உமி தள்ளினாள், களத்தில் நடந்தாள், இடையிடையே சுவரோரம் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் பரப்பினாள். சிலவற்றின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை.

"பாய், மூக்கு வெக்கிது."

"கடைசி மூட்ட உள்ள போயிருச்சும்மா. அடுத்து உன்னுதுதான். ஆவி நெறைய இருக்கு." மடியிலிருந்த கிழங்குப் பையை ஆட்டிக் காண்பித்தார் ஜெக்கரியா.

பஞ்சநதத்தின் கடைசி ஈடு களத்தில் கொட்டப்பட்டபோது, கேட்டில் ஹாரன் சத்தம். லாரி. பின்னால் கேஸ் சிலிண்டர்களும் கட்டிங் டார்ச்சும். திருச்சியிலிருந்து பழைய இரும்பு வியாபாரியின் ஆட்கள். அவர்களுக்கு முன்னால் காரிலிருந்து இறங்கினான் இளஞ்செழியன்.

"பாய், தீய எடுத்துருங்க. பாய்லர அறுக்க வந்துருக்காங்க. இருட்டுறதுக்குள்ள ஆறணும்."

ஜெக்கரியாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "தம்பி, ஒரே ஒரு ஈடு. நம்ம அமிர்தத்தோட நெல்லு. ஆவி ஏறித்தான் நிக்கிது. பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சுருவோம்."

இளஞ்செழியன் லாரிக்காரனைப் பார்த்தான். லாரிக்காரன் தலையை ஆட்டினான். "தண்ணி வடியட்டும்னு நாலு நாளாக் காத்துக்கிட்டு இருக்கோம் சார். வெயிட்டிங் யாரு குடுப்பா?"

"நாளைக்கு நான் பிளேன் ஏறணும் அமிர்தம்மா. எடத்த வாங்குறவங்க வெறும் தரையாத்தான் கேக்குறாங்க" என்றான் இளஞ்செழியன். "நீங்க பண்ணுனது எவ்ளோ பெரிய காரியம். ஊரே உங்களப் பத்தித்தான் பேசுது. நாலு மூட்டைதான, வீட்டுல வெச்சு அவிச்சுக்க முடியாதா?"

"வீட்டுல அடுப்பு இல்ல தம்பி. கரைஞ்சு போச்சு."

அவன் வருத்தமாகத் தலையசைத்தான். அந்த வருத்தத்தில் பொய் இல்லை. ஆனாலும் கையைக் காட்டினான். ஜெக்கரியா உலைவாயைத் திறந்து தீயை இழுத்துவிட்டார். வால்வைத் திறந்ததும் ஏறி நின்ற ஆவியெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறியது. களத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஈட்டுக்கு வேண்டிய ஆவி மேலே போய் மேகத்தோடு கலந்தது.

எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். தியாகராசன் அந்த நாலு மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து சுவரோரம் வைத்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. இளஞ்செழியன் கட்டியிருந்த ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்லி அமிர்தத்திடம் கொடுத்தான்.

"நனையாம மூடி வைங்க. உங்களுக்குத்தான் உதவும்."

அன்றைக்கே ஜன்னத் பீவி தன் வீட்டு பிரியாணி தேக்சாவைக் கொடுத்தனுப்பினார். ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ஜெக்கரியா ஊதி ஊதி இருமினார். அரை மூட்டை தேறியது. மீதியைப் பரப்ப வீட்டில் காய்ந்த தரை இல்லாததால் மூட்டைகள் மில் சுவரோரமே கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. கிழங்குப் பை ஜெக்கரியாவின் சைக்கிளில் தொங்கியபடியே அழுகியது.

மழை விட்ட காலையில் அனுராதாவின் பஸ்ஸை எதிர்பார்த்து மில் வாசலுக்கு வந்தாள் அமிர்தம். பாய்லர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பஞ்சநதத்தின் நெல் மேட்டுக் குடோனுக்குள் மழை படாமல் காய்ந்து, மூட்டையாகக் கட்டப்பட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரத்தில், கைகூப்பிய படத்தோடு, மூட்டைகளை மூடிய ஃப்ளெக்ஸ் புடைத்துக்கொண்டு நின்றது. சாக்கின் இழைக்கு இழை வெள்ளை வேரும் பச்சைத் தளிரும் பிதுங்கியிருந்தன, நாற்றங்கால் போல.

தெருவிலிருந்து வந்த ஒரு வெள்ளாடு ஃப்ளெக்ஸின் ஓரத்தை மூக்கால் தூக்கிவிட்டு, பச்சையைக் கடித்து இழுத்தது. அதன் குட்டியும் வந்து பக்கத்தில் நின்றது. களத்துக் கழி அமிர்தத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஆடு நிதானமாக மென்றது.