நல்ல செங்கல்

குழந்தை படுத்திருந்த அறைக்குள் நுழைந்ததும் ஸ்டெலியானாவின் மூக்கு சுருங்கியது. பால் வாசனை, காயப்போட்ட துணி வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று. பூசணம் பிடித்த கோணிச் சாக்கை யாரோ உதறியதுபோல.

பிறந்ததிலிருந்து அந்த வாசனையில்தான் வளர்ந்தாள். அதை வீட்டு வாசனை என்றே நினைத்திருந்தாள். தலைநகர் கிஷினாவில் வேதியியல் படித்து, பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பழைய பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்றின் மண் இருந்த பாட்டிலைத் திறந்த அன்றுதான் அது என்ன வாசனை என்று அவளுக்கு உறைத்தது.

சுவரோடு சுவராகக் கட்டிய பெரிய செங்கல் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் மெத்தை விரித்திருந்தது. சிறுவயதில் அவள் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்த இடம். இப்போது அதை ஒட்டித் தொட்டில். தொட்டிலில் தம்பியின் மகன் டாமியான். தம்பி இத்தாலியில் கட்டட வேலையில் இருந்தான்.

"அப்பா, இந்தச் செங்கல் எங்கேருந்து வந்துச்சு?"

ஹரலம்பியே சோளக்களியைக் கிண்டிக்கொண்டே சிரித்தார். "மேட்டுப் பூச்சிமருந்துக் கிடங்குலேருந்துதான். அரசாங்கக் கூட்டுப்பண்ணையைக் கலைச்சப்ப ஊரே போய்ப் பிரிச்சுதே! ஒருத்தன் ஜன்னலைத் தூக்குனான், ஒருத்தன் கூரையைத் தூக்குனான். நான் குதிரை வண்டியக் கட்டிட்டுப் போய்ச் செங்கல்லை அள்ளினேன். அரசாங்கம் எனக்குன்னு விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான்."

"அந்தக் கிடங்குல டி.டி.டி. மூட்டை மூட்டையா கொட்டிக் கிடந்துச்சு. அதையும் அதோட பங்காளிகளையும் இந்தச் செங்கல் குடிச்சு வெச்சிருக்கு. நீங்க சூடாக்கச் சூடாக்க அறைக்குள்ள விடுது."

"அடிப் போடி. நாங்க அதைக் கையால அள்ளித் தூவினவங்க. பேன் வந்தா தலையிலயே தேய்ச்சுக்கிட்டோம். நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

"அம்மா செத்துட்டாங்க."

கரண்டி நின்றது. "அவளுக்கு வந்தது ஈரல்ல. அதுக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைப் பச்சப்புள்ள தலைமாட்டுல வெச்சு ஏன் எரிக்கிறீங்க?"

"பாத்தியா ஒலேசியா," என்று அவர் மருமகளிடம் திரும்பினார். "பட்டம் வாங்க அனுப்புனா மோப்பம் புடிக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கா. படிக்க வெச்ச அப்பனே விஷம் வெச்சவனாம்."

ஒலேசியா சிரிக்கவில்லை. "மூச்சுல போனா மூச்சுலயே வெளிய வந்துடாதா அண்ணி?"

"வராது. உடம்பால கழுவிவிட முடியாத சாமான் அது. உடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கும், வருஷக்கணக்கா. பால் சுரக்கறப்ப கொழுப்போட சேர்ந்து இறங்கும். தலைப்பிள்ளைக்குத்தான் பெரிய பங்கு."

சொல்லி முடித்த பிறகுதான் இந்த வீட்டுத் தலைப்பிள்ளை யார் என்பது அறையில் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு தடவை, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ரத்தம் வேண்டுமென்று கூடத்தில் கேட்டபோது, நான் தருகிறேன் என்று கையை நீட்டியவள் அவள். வந்த அளவைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டது என்று தோழி சிரித்தாள். திரும்ப ஓட்டினாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"அப்ப நான் பால் குடுக்க வேணாமா?"

"குடு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. புதுசா உள்ள போறதைத்தான் நிறுத்தணும். இந்த அடுப்பு போகணும்."

அன்றைக்கு முழுக்கச் சண்டை. ஊரில் பாதி வீடு அந்தச் செங்கல்தான், எல்லாத்தையும் இடிப்பியா என்றார் ஹரலம்பியே. இடிக்கத்தான் வேண்டும் என்றாள் அவள். கடைசியில் முடித்துவைத்தது ஒலேசியா. "மாமா, பிரிச்சுடுங்க. இல்லேன்னா புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

கிழவர் மகளுக்குப் பயப்படவில்லை, பேரன் போய்விடுவானே என்று பயந்தார். "சரி. பிரிக்கறேன். நம்ம வீட்ல ஒரு செங்கல் இருக்காது, போதுமா?"

நகரத்துக்குத் திரும்பியதும் பிரித்த செங்கலை அள்ளிப்போக ஆள் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஃபோன் போட்டாள். வரிசையில் வைத்திருக்கிறோம், வெயில் காலம் வரட்டும் என்றார்கள். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். சரி சரி என்றார்.

ஞானஸ்நானத்துக்கு அவள் வந்தபோது திராட்சைக் கொடிகள் பூத்திருந்தன. அவள்தான் ஞானத்தாய். வந்த வேகத்தில் அந்த அறைக்குள் போய் மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. பால் வாசனை மட்டும். அடுப்பு இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர். அப்பாவை முதல்முறையாகக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கொட்டகையில் எட்டிப் பார்த்தாள். தார்ப்பாய் மடித்து மூலையில் கிடந்தது.

"செங்கல் எங்கப்பா?"

"கோயில்லேருந்து வர்றப்ப காட்டறேன்." அவர் முகமெல்லாம் பல்.

சாலை முனையில் பாழாய்க் கிடந்த கிணறு இருந்த இடத்தில் கூட்டமாக நின்றார்கள். நீலச் சாயம் அடித்த கூரை, மேலே சிலுவை, மரப்பலகையில் செதுக்கிய டாமியானின் பெயர். வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய புண்ணியம் அந்த ஊரில் கிடையாது. பாதிரியார் வந்து தெளித்து ஆசீர்வதித்தார். ஸ்டெலியானா உள்ளே எட்டிப் பார்த்தாள். சரிந்து கிடந்த உட்சுவர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரை புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அந்தச் செங்கற்களை அவளுக்குத் தெரியும். எத்தனையோ குளிர்காலம் முதுகால் தெரிந்துகொண்டவை.

"அவ்வளவு நல்ல செங்கல், தூக்கிப்போட மனசு வரல கண்ணு," என்றார் ஹரலம்பியே. "சூடு பட்டாத்தானே வெளிய விடும்னே? கிணத்துக்குள்ள ஏது சூடு? எல்லாம் உன் யோசனைதான். புள்ள பேர்ல புண்ணியம். முதல் குவளை உனக்கு."

"முதல் குவளையா? இப்பத்தான் தொறக்குறீங்களா?"

"ஆசீர்வாதம்தான் இன்னிக்கு," என்றாள் ஒலேசியா. குழந்தை அவள் மார்பில் கிடந்தது. "பனி உருகினதுலேருந்து நம்ம குடிக்கறது, சமைக்கறது எல்லாம் இதுதான். பால் குடுக்கறவளுக்கு என்ன தாகம் தெரியுமா அண்ணி? வாளியவே வாயில வெச்சுக்கலாம்போல இருக்கு."

அவளுக்குப் பின்னால் ஊர் வாளிகளோடு வரிசையில் நின்றது.

குவளையை மூக்கருகே கொண்டுபோன ஸ்டெலியானாவுக்கு அதே பூசண வாசனை அடித்தது; அப்படியே தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். பெண்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். இறந்தவர்களுக்கு அங்கே அப்படித்தான் ஊற்றுவார்கள். "அம்மாவுக்கு ஊத்தறா, பாவம்," என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

"குடிக்காதீங்க!" என்று கத்தினாள் ஸ்டெலியானா. "யாரும் குடிக்காதீங்க!"

வரிசையில் முன்னால் நின்றவள் அவளைப் பார்த்தாள், பாதிரியாரைப் பார்த்தாள், ஹரலம்பியேயின் வெளுத்துப்போன முகத்தைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது," என்று முணுமுணுத்துவிட்டு ராட்டினத்தைச் சுற்றினாள். சங்கிலி உள்ளே இறங்கிக்கொண்டே போனது.